நிலப் புரோக்கர் ஏமாற்றிவிட்டாரா? எந்த வாசலுக்கு எப்போது போவது: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு முழு வழிகாட்டி

சூளகிரி பக்கம் ஒரு மனைக்கு 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருடம் அலைந்து அதை மீட்டவன் நான். அதன் பிறகு, "நீ போய் வந்த ஆள்தானே, வழி சொல்லுப்பா" என்று வந்த ஏழெட்டுப் பேருக்குக் காகிதம் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் சறுக்கியது ஒரே இடத்தில். கையில் ஒன்றும் இல்லாமல் முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போனார்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றதும் மனசு விட்டுப்போய் ஆறு மாதம் சும்மா இருந்தார்கள். அதற்குள் புரோக்கர் நம்பரை மாற்றிவிட்டார், நிலம் வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கும் போகத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதல் இரண்டு நாள்: சத்தம் போடாமல் ஆதாரத்தைப் பிடியுங்கள்

ஏமாந்தது தெரிந்ததும் போன் போட்டுத் திட்டத்தான் தோன்றும். திட்டினால் அவர் உங்களை பிளாக் செய்வார், அனுப்பிய மெசேஜை அழிப்பார். முதலில் வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டம் 2023இன் 63ஆம் பிரிவுச் சான்று கொடுக்க வேண்டும். எந்த போனிலிருந்து எடுத்தது என்று அதில் வரும் என்பதால் அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோபம் காட்டாமல் ஒரு மெசேஜ் போடுங்கள்: "அண்ணா, போன மாசம் பஸ் ஸ்டாண்டுல வெச்சு குடுத்த 2 லட்சத்துக்கு ரசீது எப்ப தருவீங்க?" "அடுத்த வாரம் தரேன்" என்று பதில் வந்தால், பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. என் கேஸில் கடைசிவரை நின்றது இப்படி வந்த ஒற்றை வரிதான். அதே நாளிலோ முந்தின நாளிலோ வங்கியில் பணம் எடுத்த பதிவு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அசல் ஒப்பந்தம், அசல் ரசீது எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். "ஓனர்கிட்ட காட்டிட்டுத் தரேன்" என்று வாங்கிப் போன அசல் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் நிலம் விற்க வந்தவராக இருந்து புரோக்கருக்கு பவர் (உங்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவசரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். ரத்து செய்ததை அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத வரை அவர் செய்யும் காரியம் உங்களைக் கட்டுப்படுத்தலாம்.

2. நிலத்தின் காகிதத்தை நீங்களே எடுங்கள்

புரோக்கர் கொடுத்த ஜெராக்ஸை வைத்துப் புகார் எழுதாதீர்கள். அந்த ஜெராக்ஸே பொய்யாக இருக்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் கிடைக்கும். புகாரோடு வைக்க, பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது உட்பிரிவில். புரோக்கர் சொன்ன சர்வே எண் 112/2க்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்து "சுத்தமா இருக்கு" என்பார்கள். விற்பனையோ பழைய 112இலோ புதிதாகப் பிரித்த 112/2பி-யிலோ ஏறியிருக்கும். மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய ஓசூர், ஊத்தங்கரைப் பத்திரங்களில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். அதற்கும் பழைய மூலப்பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் போலி என்று பயந்துவிடாதீர்கள். மாறாக, 1990இல் எழுதியதாகச் சொல்லும் பத்திரத்தில் "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று இருந்தால் அந்தக் காகிதத்தை உடனே வக்கீலிடம் காட்டுங்கள்.

அ-பதிவேட்டைப் பார்க்கும்போது குறிப்புக் கட்டத்தை விடாதீர்கள். நிபந்தனை ஒப்படை நிலம் (அரசு நிபந்தனையோடு கொடுத்தது), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), கோயில் நிலம், புறம்போக்கு என்று இருந்தால், புரோக்கர் விற்க முடியாததை விற்கப் பார்த்தார் என்பதற்கு அரசே கொடுத்த ஆதாரம் அது.

3. அவர் எந்த வேடத்தில் இருந்தார் என்று முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் வக்கீலிடம் போனால் பாதி நேரம் இதைக் கண்டுபிடிக்கவே போகும். நாம் எல்லாரையும் "புரோக்கர்" என்றே சொல்கிறோம், ஆனால் காகிதத்தில் அவர் நான்கு விதமாக இருக்கலாம். எந்த அதிகாரியிடம் போவது என்பது அதைப் பொறுத்தது.

வெறும் கமிஷன் ஆள்: நிலத்தைக் காட்டினார், பொய் சொன்னார், கமிஷன் வாங்கினார், அட்வான்ஸையும் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். ஓனருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. இதில் பணம் அவரிடமிருந்துதான் வர வேண்டும். சிவில் வழக்கும் நம்பிக்கை மோசடிப் புகாரும் பொருந்தும்.

பவர் ஏஜென்ட்: ஓனர் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து உங்களிடம் ஒப்பந்தம் போட்டவர். பவர் உயிரோடு இருந்த காலத்தில் போட்டது என்றால் ஓனரும் பொறுப்பாளி, அவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டும். பவர் ரத்தான பிறகு போட்டது என்றால் மோசடி நேராகத் தெரிகிறது. ரத்தான தேதி வில்லங்கச் சான்றிலேயே இருக்கும்.

அக்ரிமென்ட் ஆள்: விவசாயியிடம் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, தன் நிலம் மாதிரி உங்களுக்குக் கூடுதல் விலைக்குப் பேசியவர். 2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்தது. "ஏர்போர்ட் பக்கத்துல" என்ற ஒரு வார்த்தையை வைத்தே பேசும் இந்த வகை ஆட்களை அதற்குப் பிறகு நிறையப் பார்க்கிறேன். விவசாயியைத் திட்டாதீர்கள். பல சமயம் அவரும் ஏமாந்தவர்தான், உங்களுக்கு நல்ல சாட்சியாக வருவார்.

லே-அவுட் ஏஜென்ட்: மனை போட்ட நிறுவனத்துக்காக விற்றவர். இவருக்குத்தான் ரெரா, அதாவது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்றால் ரெரா பதிவு தேவை. அதை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஏக்கர் கணக்கில் விவசாய நிலமாகவே வாங்கியவர்களுக்கு இந்த வழி பொதுவாகப் பயன்படாது.

நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில ரெராதான். ஓசூரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி, ஆனேக்கல் மனைகளை விற்பவர்கள் உண்டு. அந்த மனைக்கான புகார் கர்நாடக ரெராவுக்குப் போக வேண்டும். சென்னைக்கு அனுப்பி நான்கு மாதத்தை வீணாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

4. காலக்கெடுவை காலண்டரில் குறியுங்கள்

பணம் திரும்பக் கேட்கும் சிவில் வழக்குக்கு 3 வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடம். மோசடியாக இருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பணம் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

"தை பொறந்ததும் தரேன்", "ஆடி முடியட்டும்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தவணையும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

5. வக்கீல் நோட்டீஸ்: சுருக்கமாக, எல்லா விலாசத்துக்கும்

நோட்டீஸ் அனுப்புவது பயமுறுத்த என்று நினைக்கிறார்கள். அதன் முதல் பயன் வேறு: அவர் பதில் எழுதினால் தன் கதையை ஒரு வடிவத்தில் கட்டிப்போட்டுவிடுவார், பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. பதிலே வராவிட்டால் அதுவும் உங்கள் பக்கம் பேசும்.

தேதி, தொகை, கொடுத்த விதம், சர்வே எண், அவர் சொன்ன பொய், உண்மை எது என்று காட்டும் ஆவணம், திருப்பித் தர 15 நாள். இவ்வளவு போதும். அவர் வீடு, ஆபீஸ், ஒப்பந்தத்தில் உள்ள விலாசம் மூன்றுக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி விவரத்தை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

ரொக்கத் தொகையை ஏற்றியோ இறக்கியோ எழுதாதீர்கள். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015இலிருந்தே சொல்கிறது. அதில் அபராதம், பணத்தை வாங்கியவருக்குத்தான். ஆனால் 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்குப் போட்டால் வருமான வரித்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கோர்ட்டுகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நகைக்கடன் சீட்டு, ஆடு மாடு விற்ற கணக்கு, சீட்டுப் பணம் எதுவானாலும் காகிதம் தயாராக வையுங்கள்.

"20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது, பதிவு செய்யலை, செல்லாது" என்று புரோக்கரே சொல்வார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பணம் வாங்கியதற்கு அந்தக் காகிதம் ஆதாரமாகும். கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

6. லே-அவுட் மனை என்றால் ரெரா

முதலில் தமிழ்நாடு ரெரா தளத்தில் இரண்டு பெயரைத் தேடுங்கள்: திட்டத்தின் பெயர், ஏஜென்ட்டின் பெயர். இரண்டில் எது இல்லையென்றாலும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுங்கள். ஏஜென்ட் பதிவில்லாமல் விற்றாலும், பதிவில்லாத திட்டத்தை விற்றாலும், பொய் விளம்பரம் கொடுத்தாலும் ரெரா சட்டத்தின் 9, 10 பிரிவுகளை மீறியவர் ஆகிறார். 62ஆம் பிரிவில் அதற்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை.

அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. இது தெரியாமல் "ஏஜென்ட்டைத் தண்டியுங்கள்" என்று மட்டும் எழுதி, தண்டனையும் கிடைத்து, பணம் வராமல் நின்றவர்கள் உண்டு. பணம் வேண்டுமென்றால் மனை போட்ட நிறுவனத்தை முதல் எதிர்த்தரப்பாகவும் ஏஜென்ட்டை இரண்டாவதாகவும் போட்டு, வட்டியோடு திருப்பித் தரக் கேளுங்கள். அசல் தொகையைத் திரும்பக் கேட்க ஒரு படிவம், மன உளைச்சல் போன்ற இழப்பீட்டுக்கு வேறு படிவம். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தம் பதிவு செய்யாமல் வாங்கியிருந்தால் 13ஆம் பிரிவையும் சேருங்கள். பல நிறுவனங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால், நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்க 40ஆம் பிரிவில் கேட்கலாம். அதில் ஆட்சியர் அலுவலகத்தைப் பின்தொடர்வது உங்கள் வேலை. தானாக நடக்கும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

7. நுகர்வோர் ஆணையம்

கமிஷன் கொடுத்துச் சேவை வாங்கியவர் நுகர்வோர். கமிஷனை ஜிபே-யில் கொடுத்த பதிவு இருந்தால் இந்த வழி பலமாக நிற்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பாலக்கோட்டுக்காரர் ஓசூர் மனைக்குத் தருமபுரியிலேயே போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம் என்று நீண்ட சாட்சி விசாரணை கேட்கும் விஷயங்களை ஆணையம் சிவில் கோர்ட்டுக்குத் திருப்பிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட வழக்கை இங்கே தொடங்காதீர்கள். ரெராவிலும் இங்கேயும் ஒரே பணத்தைக் கேட்டு இரண்டு மனு போடுவதும் வேண்டாம். இரண்டு பக்கமும் இழுத்தடிக்க எதிராளிக்கு நாமே காரணம் கொடுத்தது போலாகும்.

8. போலீஸ்: தேதிப் பட்டியலோடு போங்கள்

ஏன் "சிவில் மேட்டர்" என்கிறார்கள்? வாக்குக் கொடுத்து நிறைவேற்றாமல் விட்டது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று தெரிய வேண்டும். "தரேன்னு சொன்னார், தரல" என்று நான்கு பக்கம் எழுதினால் அதில் குற்றம் தெரியாது.

அதனால் ஒரு பக்கத்தில் தேதிப் பட்டியல் போடுங்கள். எனக்கு இந்த யோசனை சொன்னது ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். மார்ச் 3, அதே மனை வேறொருவருக்குக் கிரயம், பத்திர எண் இன்னது. மார்ச் 19, என்னிடம் அட்வான்ஸ், வங்கிப் பதிவு. இந்த இரண்டு வரியே போதும், பணம் வாங்கிய நாளில் மனை விற்கப்பட்டது அவருக்குத் தெரியும் என்று காட்ட. பவர் ரத்தான தேதி, வங்கி அடமானத் தேதி, முந்தைய ஒப்பந்தத் தேதி இவற்றையும் இப்படியே வையுங்கள். ஒரே மனைக்கு இன்னும் யாராவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால் தேடிப் பிடித்துச் சேர்ந்து போங்கள். இரண்டு பேர் வந்தால் "சிவில் மேட்டர்" என்ற பதில் சட்டென்று வராது.

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318(4) மோசடி, 316 நம்பிக்கை மோசடி. அதற்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 406. மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்காமல் வெளியே வராதீர்கள். தொகை பெரிது என்றால் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள். நிலத்தையே போலிப் பத்திரத்தில் பறித்திருந்தால் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு.

ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால், அதே மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) அப்படித்தான் சொல்கிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி. படியைத் தாண்டி நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பிவிடும்.

9. சிவில் கோர்ட், அல்லது அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு

பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் தொகையில் 3 சதவீதம். 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். அதைப் புரட்ட முடியாதவர்கள் முதலில் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி, முடிந்தால் லோக் அதாலத் தீர்ப்பாக்குவார்கள். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது.

புரோக்கர் தன் சொத்தை அவசரமாக மகன் பெயருக்கு மாற்றுகிறார் என்று தெரிந்தால், பேசிக்கொண்டிருக்காமல் வழக்கு போட்டு, தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கக் கேளுங்கள். தீர்ப்பு வந்தபின் ஒன்றும் இல்லாத ஆளிடம் எதை வசூலிப்பது?

இன்னொன்று. "மாவட்டப் பதிவாளர்கிட்ட மனு போட்டா போலிப் பத்திரத்தை ரத்து பண்ணிடுவார்" என்று இன்னும் சொல்கிறார்கள். அதற்காக 2022இல் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பத்திரத்தை ரத்து செய்ய சிவில் வழக்குதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

10. சமரசத்துக்கு வந்தால்

நோட்டீஸோ சி.எஸ்.ஆரோ போனதும், அவர் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரோடு வீட்டுக்கு வருவார். வருவது நல்லதுதான், பேசுங்கள். ஆனால் வெற்றுப் பேச்சில் புகாரை வாபஸ் வாங்காதீர்கள். என்றைக்கு எவ்வளவு என்று எழுதி, அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

செக் கொடுத்தால் தேதி, கையெழுத்து, எழுத்திலும் எண்ணிலும் தொகை பாருங்கள். தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால் வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அது முடிந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊரின் கோர்ட்டில் 138 வழக்கு (செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு). இதில் ஒரு நாள் தவறினாலும் சிக்கல். "திரும்பப் போடுங்க, இந்தத் தடவை பாஸாகும்" என்று சொல்லிச் சொல்லியே அந்த 30 நாளைத் தின்றுவிடுவார்கள்.

பணம் முழுவதும் கணக்கில் ஏறிய பிறகுதான் அசல் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுங்கள். அது பதிவான ஒப்பந்தமாக இருந்தால் ரத்துப் பத்திரமும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் நிலத்தின் வில்லங்கத்திலேயே நிற்கும், நாளைக்கு ஓனர் உங்கள் வீட்டைத் தேடி வருவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. பணம் வந்து நாலு மாதம் கழித்து, நில ஓனரான விவசாயி ரத்துக்குக் கையெழுத்துக் கேட்டு பஸ் ஏறி வந்தார். போகவர அவருக்கு ஆன செலவை நான்தான் கொடுத்தேன்.